நண்டுத் தொட்டிக்குள் போன சேதி

போன தை மாதம் எண்ணூரில், நாங்கள் நண்டு விற்கிற இடத்தில் நடந்தது இது. ஆற்றுக்குப் போகிற சாலையோரம் எங்கள் மாமனார் கட்டிவைத்த நீளமான சிமென்ட் தொட்டி ஒன்று உண்டு. நடுவில் வலை அடித்து, பாதி எனக்கு, பாதி என் ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தன் பெண்டாட்டிக்கு.

நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. என் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் எதிரிலேயே குழம்பு தண்ணியாக இருக்கிறது என்று சொன்னாள். அன்றைக்கே அம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டேன், இனி அவளிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று. அந்த மகளின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். சத்தியம் அப்படியே இருக்கிறது. நான் சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை.

அதற்காக வாய் சும்மா இருக்குமா? நான் என் நண்டைப் பார்த்துப் பேசுவேன்.

"இன்னா நண்டே, சில பேரு செத்த நண்டக்கூட எடுத்துப் போடாம யாவாரம் பண்றாளுங்க. நாத்தம் கொடல புடுங்குது."

அவள் தன் நண்டிடம் சொல்லுவாள். "கொடல புடுங்கினா மூக்க மூடிக்கினு போவச் சொல்லு."

இப்படி ஜாடையிலேயே எங்கள் காலம் ஓடியது. ஆனால் ஜாடையில் ஒரு கஷ்டம் உண்டு. திட்டினால் சேர வேண்டியவளுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரும். நல்ல வார்த்தை சொன்னால் அது நண்டோடு நின்றுவிடும்.

அந்த வாரம் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குப் பித்தப்பையில் கல். உடனே படுத்து ஆபரேஷன் செய்துகொள்ளும்படி டாக்டர் சொல்லியும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரணம் எனக்குத் தெரியும். இடம் காலியானால் போச்சு. அவள் மகன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், நண்டைக் கண்டால் தள்ளி நிற்பான். பக்கத்துக் கருவாட்டுக்காரி இப்போதே அவள் பக்கத்துத் தொட்டியை முழம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் அவள் கிளம்பிவிடுவாள். ஆள் விட்டுச் சொல்லலாம். சொன்னால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று எண்ணூரே பேசும்.

அப்படி இருக்கும்போதுதான் காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண், தாடி வைத்த ஒரு பையன். கையில் ஒரு விளக்கு, ஒரு கேமரா, ஆளுக்கொரு கம்ப்யூட்டர்.

"ஆயா, இந்தத் தொட்டியைக் கொஞ்ச நேரம் தர்றீங்களா?" என்றான் தாடி.

"யார்ரா ஆயா? அக்கான்னு கூப்டு, அப்பால கேளு."

அக்கா என்றான். தண்ணீருக்குள் செல்போன் சிக்னல் போகாதாம். அதனால் வெளிச்சத்தில் சேதி அனுப்பிப் பார்க்கிறார்களாம். விளக்கு படபடவென்று சிமிட்டும், நம் கண்ணுக்குத் தெரியாது, எதிரில் இருக்கிற கேமராவுக்குத் தெரியும், அது எழுத்தாக மாற்றிவிடும் என்றான். முதலில் ஆற்றில் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த தண்ணீரில் விளக்கே தெரியவில்லையாம். தெரியாதுதான்.

"பாதித் தொட்டி என்னுது, எடுத்துக்கோ. மீதிக்கு அங்க கேளு" என்றேன்.

அந்தப் பெண் அங்கே போனாள். "அவுங்க சரின்னுட்டாங்களா? அப்ப நான் யோசிக்கணும்" என்று பதில் வந்தது. கடைசியில் தாடிக்காரன் அவளிடம் நண்டு வாங்கின பிறகுதான் சரி என்றாள்.

என் பக்கம் விளக்கை இறக்கினார்கள், அவள் பக்கம் கேமராவை. கூட்டம் கூடிவிட்டது. கண்ணாடிப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்ட, அந்தக் கோடியிலிருந்து பையன் "வணக்கம்" என்று படித்துக் காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

"அக்கா, நீங்க எதாவது சொல்லுங்க, அனுப்பலாம்" என்றாள் அந்தப் பெண்.

அந்தப் பெண்ணின் காதில் மெதுவாகச் சொன்னேன். தட்டினாள். பையன் என்ன ஏது என்று யோசிக்காமல் கணீரென்று படித்தான்.

"எதிர்க்கடை நண்டுல சதையே இல்ல, வெறும் ஓடுதான் கீது."

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஒரு ஷேர் ஆட்டோவே நின்றுவிட்டது. ஓரகத்திக்கு முகம் சிவந்தது. பக்கத்தில் கிடந்த கழியை எடுத்துத் தொட்டியை ஒரு கலக்குக் கலக்கினாள். அடிச்சேறு முழுக்க மேலே வந்தது. அப்படிக் குனிந்தவள் அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணை இழுத்துக் காதில் வேறொன்று சொன்னேன். கேட்டால் சோதனைக்குச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தட்டினாள்.

"வரல! மறுபடி அனுப்பு!" என்று கத்தினான் பையன்.

அனுப்பினாள். வரவில்லை. மறுபடியும் வரவில்லை. திட்டினது மட்டும் மின்னல் மாதிரி போனதே என்று எனக்கு எரிச்சல்.

"சேறு மறைக்குது அக்கா. நானே போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?" என்றாள் கண்ணாடிப் பெண்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ சொன்னா அது தூது. வெளக்குல போனா அது சோதன. குந்து, தெளியட்டும்."

குந்தினோம். நண்டுகள் ஊர்ந்து ஊர்ந்து சேறு அடங்கவே இல்லை. கருவாட்டுக்காரி, "இன்னாம்மா, சேதி தொட்டிலேயே பூந்துகிச்சா?" என்று நக்கல் அடித்தாள். நான் பதில் சொல்வதற்குள் ஓரகத்தி கூடையை எடுத்தாள். தன் பக்கத்து நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குப் புரிந்தது. நானும் என் நண்டுகளை வெளியே எடுத்தேன். ஒன்று கொடுக்கில் கட்டின கயிற்றை அறுத்துக்கொண்டு கண்ணாடிப் பெண்ணின் செருப்பைக் கவ்விக்கொண்டது தனிக் கதை.

தண்ணீர் தெளிந்தது. பையன் இந்த முறை மெதுவாகத்தான் படித்தான்.

"நீ ஆஸ்பத்திரிக்குப் போ. உன் நண்ட நான் வித்துத் தரேன். நீ வர்ற வரிக்கும் உன் எடத்துல எவளையும் குந்த விடமாட்டேன்."

கருவாட்டுக்காரி தன் கூடையில் ஈ ஓட்டப் போய்விட்டாள். ஓரகத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையனிடம் ஏதோ முணுமுணுத்தாள். அவன் விளக்கை அந்தப் பக்கமும் கேமராவை இந்தப் பக்கமும் மாற்றி வைத்தான். இங்கே கண்ணாடிப் பெண் படித்தாள்.

"சரி. ஆனா என் நண்ட அவுங்க நண்டோட கலக்க வேணாம்னு சொல்லு. என்னுதுக்கு வெல ஜாஸ்தி."

வேறு நாளாக இருந்தால் கூடையைத் தூக்கி அடித்திருப்பேன். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். அவளும் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்ததைத் தோள் குலுங்கினதில் கண்டுகொண்டேன்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். நான் தொட்டியின் இரண்டு கோடிக்கும் நடந்து நடந்து விற்றேன், கலக்காமல்தான். கல்லை எடுத்துவிட்டு, இளைத்துப்போய் வந்து, தன் இடத்தில் தானாக உட்கார்ந்தாள். பிள்ளைகள் விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்று வரை நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சத்தியமும் கெடவில்லை, அவள் இடமும் போகவில்லை. இரண்டில் எது உனக்குப் பெரிது என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் பட்டென்று சொல்லியிருப்பேன். இப்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.