துணிக்குக் காவல் இருந்த மாமா

மாமா தினமும் விழுங்கும் வயிற்றுப்போக்கு மாத்திரையை இத்தனை வருடம் தொடர்ந்து சாப்பிடலாமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர். சிறுவயதில் எனக்கு அது தெரியாது. சாரல் தொடங்கியதும் தென்காசியிலிருந்து குடும்பமாகக் குற்றாலம் போவோம். யாராவது ஒருவர் குளிக்காமல் துணிக்குக் காவல் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது எப்போதும் மாமாதான். கட்டணக் கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, மடியில் பைகளோடு உட்கார்ந்திருப்பார். தண்ணீருக்குப் பயம் என்று நான் கேலி செய்வேன்.

"ஆமாட்டி, ஒன்னையப் பாத்தாலும் பயந்தான்" என்பார்.

எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. அதற்காக ஒரு வருடம் சாரலுக்கு முன்னால் டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்தார். அந்தச் சாரலில் மாமா தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு, அப்பாவையும் முந்திக்கொண்டு ஐந்தருவிக்குள் போய்விட்டார். நாங்கள் பெண்கள் பக்கம் போனோம். துணிக்கு யார் காவல் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அது மாமாவின் வேலை அல்லவா.

ஈரத் தலையோடு திரும்பினால், மாமாவின் பை ஒரு குரங்கின் கையில் இருந்தது. சீப்பை முகர்ந்துவிட்டு எறிந்தது. மாத்திரை டப்பாவைக் காதருகே குலுக்கிப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவோ எங்களுக்கென்று வாங்கிய மங்குஸ்தான் பழம் முழுவதையும் அதன் முன்னால் உருட்டிவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எல்லாத்தயும் தின்னுட்டுப் போ ராசா, அத மட்டும் போட்டுரு."

குரங்கு பழத்துக்குத் தாவியது, டப்பா விழுந்தது. அம்மா அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதாள். தண்ணீர் சொட்டச் சொட்ட மாமா ஓடிவந்தார்.

"மாத்திரதானக்கா. கேட்டா டாக்டரு வேற தருவாரு."

"நீ இன்னைக்குக் குளிச்சிட்டியேலே" என்றாள் அம்மா.

எனக்கு மங்குஸ்தான் போன துக்கம். கழிப்பறை எங்கே என்று தேடாமல் ஒருவர் ஒரு நாளைக் கழிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வயதில் தெரியவில்லை.

இன்று என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர் அவர்தான். பார்க்கும்போதெல்லாம் அந்த மாத்திரைக்கு மனதுக்குள் நன்றி சொல்வேன். அடுத்த நிமிடமே, உள்ளே அது ஏதாவது செய்துகொண்டிருக்குமோ என்று தோன்றும். டாக்டரிடம் கேட்டேன். இதுவரை தொந்தரவு எதுவும் தெரியவில்லை, ஆனால் இவ்வளவு காலம் சாப்பிட்டவர்களைப் பற்றித் தனக்குத் தெரிந்தது குறைவு, பரிசோதனையைத் தவறாமல் செய்துகொள்ளட்டும் என்றார். மறைக்காமல் சொன்னாரே என்று நிம்மதி. சொல்லிவிட்டாரே என்று பயம்.

மாமா சிரிக்கிறார். "நிறுத்திட்டா மறுபடி துணிக்குக் காவல் யாரு, நாந்தான?"

உங்கள் வீட்டிலும் இப்படி நெடுங்காலமாக வயிற்றுப்போக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால், டாக்டரிடம் என்னென்ன கேட்டீர்கள், எதைக் கவனிக்கச் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். உடனே நிறுத்துங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாரல் தொடங்கிவிட்டது, மாமா துண்டை எடுத்து வைத்துவிட்டார்.