இயர்போன் கடையில் ஆளுக்கொரு காது

இயர்போன் விற்கிறவர்கள் சரக்கைக் கண்டு பயப்படத் தேவையில்லை, அதை வாங்கிக் காதில் வைக்கிற மனிதர்களைக் கண்டுதான் பயப்பட வேண்டும். எந்தக் கடையிலாவது எதையாவது விற்று, "இது நல்லா இருக்குமா?" என்ற கேள்விக்கு முழித்த அனுபவம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தொண்ணூறுகளில் கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் எனக்கு வேலை. வாக்மேன், கேசட், பாக்கெட் ரேடியோ எல்லாம் விற்போம். என் கணவர் வேலை பார்த்த மில் கதவடைத்துக் கிடந்த நேரம் அது. வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான். முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். சோமனூரில் வெகுகாலம் விசைத்தறி ஓட்டி, தறிகளை விற்றுவிட்டு இந்தக் கடையைப் போட்டவர். அந்த வட்டாரத்தில் எந்தக் கடையும் செய்யாத காரியம் ஒன்றை அவர் செய்தார். மலிவு விலை இயர்போனுக்கு ஆறு மாத கேரண்டி கொடுத்தார். சாம்பிள் வந்தால் காதில் வைத்துக் கேட்டு, ஒயரை முறுக்கி, வாக்மேனில் செருகும் பின்னை ஆட்டிப் பார்த்து, எதை மொத்தமாக வாங்கலாம் என்று சொல்வது என் வேலை. சேர்ந்த அன்றைக்கே கறாராகச் சொல்லிவிட்டார். "திரும்பி வர்ற சரக்கு சாஸ்தியாச்சுன்னா, நீ வேற கடை பார்த்துக்கோணும் அம்மணி."

நெற்றிக்குள் பாட்டு

அன்னூர்ப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் வாக்மேன் கேட்டானாம். அதுவரை அவர் பாட்டுக் கேட்டதெல்லாம் ரேடியோவிலும், கோயில் நோம்பிக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கரிலும்தான். "நீங்களே கேட்டுப் பாருங்க" என்று நான் இயர்போனை அவர் காதில் வைத்து, கேசட்டை ஓடவிட்டேன்.

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பின்னால் பார்த்தார். யாருமில்லை. ஒரு பக்கத்தைக் கழற்றி, பஞ்சு உறைக்குள் என்ன இருக்கிறது என்று உற்றுப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். வெளியே டவுன் பஸ்கள் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தன, அவர் அசையவில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே மேல் சிலிர்த்தது. தினம் பத்துத் தடவை நான் அலட்சியமாகச் செய்கிற வேலை அது. பாட்டு முடிந்த பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, இது காதுல கேக்கலீங்க, நெத்திக்குள்ள கேக்குது. கழட்டிப்போட்டா பாட்டு வெளிய வந்துருமுங்களா, உள்ளயே நின்னுக்குமுங்களா?"

பாட்டைத் தாங்கும் கயிறு

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளாக இருந்தாலும் இழுத்துப் பார்க்காமல் வாங்க மாட்டார்கள். வேட்டியானாலும் சரி, வாளிப் பிடியானாலும் சரி. கிணத்துக்கடவில் தேங்காய் நார்க் கயிறு திரிக்கும் ஒருவர் வந்தார். பாட்டுக் கேட்கவே இல்லை. ஒயரை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். நான் "அண்ணா, அண்ணா" என்பதற்குள் இழுத்தும் விட்டார்.

செருகும் பின் பிய்ந்து அவருடைய வலது கையிலும், ஒயர் இடது கையிலும் இருந்தது. மனுஷருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ரப்பரை உரித்து உள்ளே இருந்த செம்புக் கம்பியைக் காட்டினேன். தலைமுடியைவிட மெல்லியது. அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, வயலின், தபேலா, பாட்டுக்காரர் குரல் எல்லாம் இது வழியாகத்தான் போகிறதா என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்று நான் சொன்னபோது, அதுவரை அதை யோசித்தே பார்க்காத எனக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. அந்த மாடலை வாங்க வேண்டாம் என்று அன்றைக்கே அண்ணனிடம் சொன்னேன். கயிற்றுக்காரர் போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "நானொருத்தன் இழுத்ததுக்கே கையோட வந்துபோட்டுதுங்க. அத்தனை பேரு உள்ளருந்து பாடுனா எப்படிங்க தாங்கும்?"

ஒரே சீட்டில் இரண்டு பாட்டு

உடுமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் கோவைக்கு வந்து படித்த இரண்டு பெண்கள், கேரண்டி அட்டையோடு வந்து நின்றார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே இயர்போன். ஜன்னலோரத்தில் உட்காருபவளுக்கு இடது பக்கம், மற்றவளுக்கு வலது பக்கம். பெரிய சண்டை நடந்திருப்பது முகத்திலேயே தெரிந்தது. தங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டில் புல்லாங்குழல் வருகிறது என்று ஒருத்தி சத்தியம் செய்கிறாள். வரவே இல்லை, வீணைதான் வருகிறது என்கிறாள் மற்றவள். ஒரு பக்கம் பழுதாகிவிட்டது, மாற்றிக் கொடுங்கள் என்றார்கள்.

திரும்பி வரும் சரக்கு என்றாலே எனக்கு அண்ணன் முதல் நாள் சொன்னதுதான் ஞாபகம் வரும். வாங்கிக் காதில் வைத்துக் கேட்டேன். பழுதும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டில் குழல் இடப்பக்கம், வீணை வலப்பக்கம். அவ்வளவுதான். இரண்டு பக்கத்தையும் ஒருத்தி காதிலேயே வைத்துக் கேட்கச் சொன்னேன். பிறகு அடுத்தவளை. முதல் தடவையாகக் குழலும் வீணையும் சேர்ந்து கேட்டபோது ஒவ்வொருத்தியும் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். பிறகு ஜன்னலோரக்காரி சொன்னாள்: "அக்கா, இத்தனை நாளா ஒரே சீட்டுல உட்கார்ந்து நாங்க வேற வேற பாட்டு கேட்டுட்டு இருந்திருக்கறோம்."

தேனும் தகரமும்

அப்புறம்தான் எனக்கு ஏழரை தொடங்கியது. புதிதாக ஒரு சாம்பிள் வந்தது. ஒயர் கெட்டி, பின் கெட்டி, யார் இழுத்தாலும் வராது. ஆனால் சத்தம்? 'ஸ' என்று பாடினால் காதில் ஊசி இறங்கியது. ஜால்ரா அடித்தால் தகரத்தை ஆணியால் கீறுவது போல இருந்தது. வேண்டவே வேண்டாம் என்றேன். அண்ணன் வாங்கிக் காதில் வைத்தார், கண்ணை மூடினார். அவர் அப்படி ரசித்து நான் பார்த்ததே இல்லை. "தேனாட்ட இருக்குது அம்மணி" என்று சொல்லி, ஒரு பெட்டி நிறைய வரவழைத்துவிட்டார்.

விற்ற வேகத்தில் திரும்பி வந்தது. ஆர்.எஸ்.புரத்து வாத்தியார் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டே உள்ளே நுழைந்தார். பீளமேட்டுப் பையன்கள் கூட்டமாக வந்தார்கள். திரும்பியதைப் போட ஒரு கூடை வைத்தோம், அது நிறைந்தது. நான் வேண்டாம் என்று சொன்ன சரக்குதான், ஆனால் அண்ணன் காதுக்கு அது இன்னும் தேன்தான். நானே வாடிக்கையாளர்களிடம் ஏதோ சொல்லிக் கெடுக்கிறேன் என்று நினைத்தார். வீட்டுக்குப் போனால், அடைத்த மில் கேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கணவர் உட்கார்ந்திருப்பார். இதுவும் போனால் என்ன செய்வது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை கடையைச் சாத்தும்போது அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இந்த மாசத்தோட நீ நின்னுக்கிறது நல்லதுன்னு நெனைக்கறேன் அம்மணி."

ஞாயிற்றுக்கிழமைக் காது

மறுநாள் ஞாயிறு. தறிகளுக்கு லீவு என்பதால் சோமனூர், பல்லடம் ஆட்கள் டவுனுக்கு வரும் நாள். ஆறுமுகம் என்று ஒரு தறிக்காரர், அண்ணனுக்குப் பழைய பழக்கம், ஓர் இயர்போனைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நல்ல மாடல்! "மூடி போட்டாப்பல கேக்குதுங்க" என்றார். அதற்கு இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை. அதுவும் திரும்பி வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாற்றிக் கொடுக்க வேறு எதுவும் கைக்கு எட்டவில்லை. போகிற வேலைதானே என்று, கூடையிலிருந்து அந்தத் தகர இயர்போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

ஆறுமுகம் கேட்டார். இரண்டு கையாலும் காதை அழுத்திக்கொண்டார். "இந்தப் பாட்டுல சலங்கை இருந்துச்சுங்களா?" என்றார், கடை முழுக்கக் கேட்கும் குரலில். சோமனூர்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். கோபக்காரர்கள் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். வருஷக்கணக்காகக் கேட்ட பாட்டாம், அதில் சலங்கை இருப்பதே அவருக்குத் தெரியாதாம். கூட வந்தவர்களிடம் கொடுத்தார். ஒவ்வொருவரும் வாங்கிக் கேட்டு, அப்படியே நின்றார்கள். அத்தனை பேரும் தறிக்காரர்கள். தறிச்சத்தம் அவர்கள் காதிலிருந்து மெல்லிய ஒலிகளை எல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டது என்பதும், எனக்கு ஊசியாக இறங்கியது அவர்களுக்கு அளவாகப் போய்ச் சேர்கிறது என்பதும் அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ஒரே சரக்கு, ஒரே பாட்டு. சாயங்காலத்துக்குள் கூடை காலி.

அண்ணன் அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் நின்றார். அவர் காதும் தறிக்காதுதான். எல்லோரும் போன பிறகு என் நல்ல மாடலைக் காதில் வைத்துப் பார்த்தார், கழற்றினார், தகரத்தை வைத்துப் பார்த்தார், கழற்றினார். "நீ எங்கயும் போக வேண்டாம். நீ கேட்டுச் சொல்றதுல ஒரு பெட்டி, நான் கேட்டுச் சொல்றதுல ஒரு பெட்டி வாங்கிப்போடலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. விளக்கை அணைக்கப் போனவர் பாதியில் நின்று, அவருக்கு வராத ஒரு சின்னக் குரலில் கேட்டார்: "அம்மணி, எங்கூட்டுல நான் டிவி சத்தத்தைக் கூட்டுனா எல்லாரும் எந்திரிச்சு உள்ள போறது, எம்மேல கோவமில்லைங்கறயா?"

அதற்கப்புறம் நல்ல இயர்போன் எது என்று யார் கேட்டாலும், "நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?" என்று விசாரிக்காமல் நான் அலமாரியைத் திறந்ததே இல்லை.