நிற்காமல் மினுக்கிய விளக்கு

பத்தாவதைத் தாண்டாத நான் திருத்தணியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த காலம். அன்று பள்ளிப்பட்டிலிருந்து பெண் ஒருவர் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்ப வந்திருந்தார். ஐந்து மணிக்குக் கெடு முடிகிறது. நான்கரை ஆகியும் பக்கம் திறக்கவில்லை.

யாரோ பாட்டு இறக்கி இணைய வேகத்தை எல்லாம் இழுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். பக்கத்துக் கணினியில் உட்கார்ந்திருந்த, எப்போதும் பாட்டுக் கேட்கும் ஆட்டோக்காரர் மீது பாய்ந்து, அவருடைய கணினியின் இணைய ஒயரைப் பிடுங்கினேன்.

"பையன் மெயிலத்தான் படிச்சிகினு இருந்தேன், என்னாத்துக்குப் புடுங்கற?" என்றார்.

அப்போதும் பக்கம் திறக்கவில்லை. எல்லா ஒயரும் வந்து சேரும் பெட்டியை அவரே காட்டினார்.

"ஒரு லைட்டு மட்டும் நிக்காம மினுக்குது பாரு நைனா. அது யாருது?"

என்னுடையது. காலையில் என் கணினியில் பாட்டு இறக்கிவிட்டு, இறக்கும் மென்பொருளை மூடியதாக நினைத்திருந்தேன். அது திரையின் மூலையில் ஒளிந்துகொண்டு, என் பாட்டுகளை முகம் தெரியாதவர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. என் ஒயரைப் பிடுங்கியதும் பக்கம் திறந்தது. ஐந்தடிக்கச் சற்று முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"ஆங், போயிடுச்சா? இப்ப என்னுத சொருகு, பாதி மெயில்ல நிக்கிறேன்" என்று ஆட்டோக்காரர் சிரித்தார்.

குனிந்து அவருடைய ஒயரைச் சொருகினேன்.

இன்றும் ஏதாவது பழுதானால் என் கை முதலில் அடுத்தவர் ஒயரைத்தான் தேடிப் போகிறது. பாதி வழியில் நிறுத்திக்கொள்கிறேன்.