முன் சக்கரத்துப் பலகைகள்

என் தம்பி நாற்பது வருஷம் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவன். கடைத்தெருவில் ஐஸ் டாக்டர் என்றால்தான் அவனைத் தெரியும். கம்ப்ரஸர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். ஊரார் வீட்டுப் பெட்டியெல்லாம் அவனிடம் பேசும். அவன் பெட்டி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மனைவியின் வைத்தியத்துக்காக வீட்டை விற்றுவிட்டு, பழைய வேன் ஒன்றை வாங்கினான். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன். அதை என் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கொண்டுவந்து நிறுத்திக் குடித்தனம் பண்ணினான். வீட்டுக்கு வந்து இருங்கள் என்று இரண்டு தரம் கூப்பிட்டேன், வரவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு. மூன்றாம் தரம் கூப்பிடவில்லை.

அவளுக்கு மூச்சு இழுப்பு. மட்டமாகப் படுத்தால் திணறிப்போவாள். அதனால் வேனின் முன் சக்கரங்களுக்கு அடியில் பலகைகளை அடுக்கி, தலைமாட்டுப் பக்கத்தை உயர்த்தி வைத்திருந்தான். மாதத்துக்கு ஓர் ஊசி. குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து, வெளியில் வாங்கக் கட்டுப்படியாகாத விலை. ஆஸ்பத்திரியில் நான்கு மாதத்து ஊசியையும் ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். ஒன்று போட்டாயிற்று. மீதி மூன்றும் வேனுக்குள் இருந்த ஃபிரிட்ஜில் இருந்தபோதுதான் அது குளிரவில்லை என்றான்.

அது கேஸ் சிலிண்டரில் ஓடுகிற ஃபிரிட்ஜ். பின்னால் சின்னதாய் ஒரு சுடர் எரியும். அந்தச் சூட்டில்தான் உள்ளே குளிருமாம். கம்ப்ரஸர் கிடையாது, சத்தமும் கிடையாது.

"நெருப்பு வச்சா குளிருமாடா? யார் காதுல பூ சுத்தற?" என்றேன்.

"உனக்குப் புரியாதுக்கா, விடு."

"சரி, மருந்தை எடுத்து என் வீட்டு ஃபிரிட்ஜ்ல வை."

"இப்ப கதவைத் திறந்தா இருக்கிற குளுமையும் போயிடும். சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிடுவேன். நாப்பது வருஷமா ஈ ஓட்டிக்கிட்டா இருந்தேன்?"

"என்னமோ பண்ணு, போ" என்று நானும் திரும்பி வந்துவிட்டேன். அவனைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்திருக்கலாம். அந்த ரோஷத்தை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

முதல் நாள் சிலிண்டரை மாற்றினான். பர்னரைக் கழற்றித் தேய்த்தான், புகைக்குழாயில் கைப்பிடிக் கரி எடுத்தான். "நீலமா எரியுது பாருக்கா" என்று குழந்தை மாதிரி காட்டினான். குளிரவில்லை. மறுநாள் சுடர் அணையாமல் பார்த்துக்கொள்கிற கம்பியை மாற்றினான். குளிரவில்லை. வேனோடு வந்த புத்தகத்தை அவன் பிரித்ததே இல்லை. எனக்குத்தான் எழுத்துத் தெரியாது, தெரிந்தவனுக்கு என்ன கேடு? மூன்றாம் நாள்தான் பிரித்தான். கொஞ்ச நேரம் படித்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா?"

"இது மட்டமா நிக்கணுமாம்க்கா. சாய்வா நின்னா குழாய்க்குள்ள ஓடுறது அங்கங்கே தேங்கி, தீய்ஞ்சு அடைச்சுக்குமாம். அவ மூச்சு விடறதுக்குன்னு நான்தான் சாய்ச்சு வச்சேன்."

கடைசி முயற்சியாக ஃபிரிட்ஜைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தான். அப்படிச் செய்தால் சில சமயம் அடைப்பு விடுமாம். ஒரு நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நிமிர்த்தி, சுடரைப் பற்றவைத்து, உள்ளே கை வைத்துப் பார்த்தான். என் கையையும் வைக்கச் சொன்னான். வெதுவெதுவென்று இருந்தது. கவிழ்க்கும்போது வெளியே எடுத்து வைத்த மருந்துப் பெட்டியும் அப்படித்தான் இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினான். அந்த மருந்தைப் போடவே கூடாது, கொடுத்த நாலு மாசக் கணக்கு முடிந்து முறை வரும்போதுதான் புது ஊசி, அப்போது வாங்க என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரை ஒண்ணும் சொல்லாதீங்க அண்ணி" என்றாள். அதைச் சொல்லி முடிக்கவே இரண்டு தரம் நிறுத்த வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை ஊசி போட வேண்டிய நாள். தலையணையில் சாய்ந்தாலும் அவளுக்கு முடியவில்லை. அவன் கட்டிலில் ஏறித் திரும்பி உட்கார்ந்து, அவள் சாய்ந்துகொள்ள முதுகைக் கொடுத்தான். அவள் மூச்சு இழுக்கும்போதெல்லாம் அவன் முதுகும் சேர்ந்து அசைந்தது. அடுத்த ஊசிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.