மயில்நீலத் துண்டு

சின்னம்மாவின் கையில் ஒரு துணி தேறுவது இலகுவான காரியமல்ல. பிற்காலத்தில் நான் டெண்டர் பார்க்கும் எத்தனையோ கேள்விமனுக் குழுக்களில் உட்கார்ந்து எழும்பியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட அவரளவு கண்டிப்பாக நடந்ததில்லை. நேர்மையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. முதலில் துணியைக் கைக்குள் வைத்துக் கசக்குவார். விரித்ததும் சுருக்கம் விழாமல் துள்ளி எழும்பினால் நைலோன் கலப்பு, தள்ளுபடி. பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். பின்னாலிருக்கும் விரல் தெரிந்தால் தள்ளுபடி. கடைசியாக ஒரு மூலையை எச்சிலில் நனைத்து வெள்ளைக் கைலேஞ்சியில் தேய்ப்பார். சாயம் ஒட்டினால் மேன்முறையீடு கிடையாது. உள்ளங்கை அகலத்துக்குக் குறைந்தவை பரீட்சைக்கே எடுக்கப்படுவதில்லை.

இப்படித் தேறிய வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகத் தகரப் பெட்டியொன்றில் அடுக்கி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அவற்றுக்குப் பெயர் துண்டு. போதுமான துண்டுகள் சேர்ந்ததும் ஒட்டித் தைத்து ஒரு பெரிய போர்வை செய்து, தன் கலியாணத்தின்போது கொண்டுபோவது என்பது திட்டம். நாட்டு நிலைமையால் கலியாணம் தள்ளித் தள்ளிப் போனதில், போர்வைக்கு வேண்டிய கால அவகாசம் தாராளமாகக் கிடைத்தது.

இந்திய இராணுவம் வருவதற்கு முந்திய காலம். எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் இருந்தது செட்டிபாளையத்தில். துண்டுகள் கிடைத்தது காத்தான்குடித் தையற்கடைகளில். இடையில் ஒரு சோதனைச்சாவடி. எங்கள் வீட்டிலோ பத்தொன்பது வயதில் ஒரு மாமா, அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் ஒரே தம்பி. அவர் வேலிக் கடப்பைத் தாண்டினால் அம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். தாண்டாமல் வீட்டிலேயே இருந்தாலும் ரோட்டையே பார்ப்பார், ஏனென்றால் சுற்றிவளைப்பு வீட்டுக்கே வரும். முந்திய மாதம் மண்ணெண்ணெய் வாங்கப் போன அடுத்த வளவுப் பையன் திரும்பி வரவில்லை. அவனுடைய தாய் அவன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகாம் முகாமாகப் போனாள். அவனைக் காணவில்லை என்பதை உறுதிப்படுத்திக் கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கி வரும்படி அவளுக்குச் சொல்லப்பட்டது.

துண்டு எடுக்கக் காத்தான்குடிக்குப் போகவிருந்த அன்று காலையும் வழக்கமான ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"அவன விட்டுட்டுப் போ கா. பொடியன்களத்தானே புடிக்கிறானுகள்," என்றார் அம்மா, தங்கையிடம்.

"விட்டுட்டுப் போனா இஞ்ச வந்து புடிக்க மாட்டானுகளா?" என்றார் சின்னம்மா. "எங்களோட வந்தா பொம்புளயள் நானும் புள்ளயும் கூட நிக்கிறம்."

"ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. அதுக்குள்ள நான் பல்லத் தீட்டிட்டு வாறன்," என்றார் மாமா.

மாமா வந்தார். பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்னம்மா எனக்கு விதிகளை ஒப்புவிக்கச் சொன்னார். ஓடக்கூடாது. சிரிக்கக்கூடாது. கேட்டதற்கு மட்டும் பதில். பதில் உள்ளதை உள்ளபடி. நான் ஒரு பிழையும் விடாமல் சொன்னேன். பரீட்சைகளில் எனக்கு அந்தக் காலத்திலிருந்தே பயமில்லை.

தையற்கடைக்காரக் காக்கா (காத்தான்குடியில் அண்ணன் என்றால் காக்காதான்) மெசினுக்கு அடியிலிருந்த சாக்கை இழுத்துக் கொட்டினார். சின்னம்மா கசக்கினார், வெளிச்சத்துக்குப் பிடித்தார், நனைத்தார்.

"என்ன தங்கச்சி, மாப்புள பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்க," என்றார் காக்கா.

"மாப்புளயெண்டா இவ்வளவு பாக்கத் தேவல்ல காக்கா," என்றார் சின்னம்மா.

பை நிறையத் தானே பொறுக்கினார்; மாமா எடுத்து நீட்டியவை மட்டும் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாயின. கடைசியில் மாமா சாக்கின் அடியிலிருந்து சுருட்டிக் குண்டூசி குத்திய துணியொன்றை எடுத்தார். மயில்நீலம், அதில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள். அசல் பருத்தி. சின்னம்மா மூன்று சோதனையும் செய்துவிட்டு, "உனக்கும் கண் இருக்கு," என்றார். மாமா தன் வாழ்நாளில் சின்னம்மாவிடம் வாங்கிய ஒரே நற்சான்றிதழ் அதுவாகத்தான் இருக்கும். ஊசி உதவுமென்று சின்னம்மா அதைக் கழற்றாமல் அப்படியே பையில் போட்டார். ஊசியில் ஒரு சிறு கடதாசியும் குத்தியிருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

திரும்பும்போது வழமைபோல் சாவடிக்கு இப்பால் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. சிறுபிள்ளைகளின் பையை அவ்வளவாகக் கிண்டுவதில்லை என்பதால் துண்டுப் பை என்னிடம் இருந்தது. சின்னம்மா எனக்கு முன்னால் போய், தன் கூடையை வேறொரு சிப்பாயிடம் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் வந்த சிப்பாய்க்கு மாமாவின் வயதுதான் இருக்கும்.

"பேக் என்ன?"

"துண்டு."

"துண்டு?"

"ஓம். நிறையத் துண்டு."

"யாருக்கு?"

"சின்னம்மாக்கு. வீட்டயும் சேத்து வெச்சிருக்கா."

அவன் ஓர் அடி பின்னால் போனான். துவக்கின் குழல் மேலே எழும்பியது. துண்டு என்ற சொல் சிங்களத்திலும் உண்டு. அங்கே அதற்கு எழுதிக் கொடுத்தனுப்பும் சீட்டு என்ற ஒரே பொருள்தான். நம்மவர்களும் அரசாங்கக் கந்தோர்களில் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் எங்கள் வீட்டில் துணி இருந்த அளவுக்குக் கந்தோர் இருக்கவில்லை. ஆக அவன் காதில் விழுந்தது இதுதான்: இந்தச் சிறுமி ஒரு பை நிறையச் செய்திச் சீட்டுகள் கொண்டுபோகிறாள், வீட்டில் இன்னும் இருக்கின்றன.

பையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். துண்டுகள் ரோட்டில் விழுந்தன. மயில்நீலச் சுருள் தனியாக உருண்டது. அவன் அதை எடுத்தான். ஊசியில் குத்தியிருந்த கடதாசியைக் கண்டான். அதில் நெ 34, இ 28, நீ 40 என்று எழுதியிருந்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கே சங்கேதம்போல் இருக்கும். அவனைக் குறைசொல்ல முடியாது. துணியையும் கடதாசியையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தான்.

"இது எடுத்தது யார்?"

கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. பதிலும் தெரியும். அந்தச் சாக்கிலேயே மிகச் சிறந்த துண்டு அது. வலது கையை நீட்டி ஆண்கள் வரிசையைச் சுட்டிக் காட்டினேன்.

"மாமா."

மாமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் போய் அவருடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தார்கள். வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் இடைவெளியை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார்கள். மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கொட்டில் இருந்தது. அதன் வாசலை மூடியிருந்த சாக்குப் படங்கு விலகி, மாமாவை உள்ளே விட்டு, மறுபடி விழுந்தது.

அப்போதுதான் சின்னம்மா திரும்பினார். ஓடக்கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தவர் ஓடி வந்தார். சிப்பாய் ஒருவன் கத்தினான். அவர் நின்ற இடத்திலேயே முழங்காலில் விழுந்தார்.

"ரெதி மாத்தயா, ரெதி!"

மாத்தயா என்ற ஐயாவை விட்டால், துணி என்பதற்கான அந்த ஒரு சிங்களச் சொல்தான் அவருக்குத் தெரியும். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னபடி துண்டுகளைப் பொறுக்கித் தாரில் பரப்பத் தொடங்கினார். கடும் நிறம், வெளிர் நிறம், கடும் நிறம். விளிம்போடு விளிம்பு சேர்த்து, போர்வை எப்படி வரும் என்று காட்டினார். அந்த நிலையிலும் இரண்டு சிவப்புகள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டபோது ஒன்றை எடுத்து மாற்றி வைத்தார்.

கொட்டிலுக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை. நான் படங்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் வழியே சூடாக ஏதோ இறங்கிச் செருப்புக்குள் போனது. அதைப்பற்றி எங்கள் வீட்டில் யாரும் ஒருநாளும் பேசியதில்லை.

கண்ணாடி போட்ட அதிகாரி ஒருவர் வந்தார். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர். கடதாசியை வாங்கிப் பார்த்து, "நெஞ்சு... இடுப்பு... நீளமா?" என்று கேட்டார். சின்னம்மா தலையாட்டினார். அதிகாரி சிரித்தார். சிப்பாயும் சிரித்தான். ஆனால் மாமா வெளியே வரவில்லை. சிரிப்புக்கும் விடுதலைக்கும் இடையில் ஒரு நடைமுறை இருந்தது. தொடங்கிய விசாரணை, அது தவறாகத் தொடங்கியது என்று தெரிந்த பின்னும், உரிய முறையில் முடிக்கப்பட வேண்டும். பஸ் சாரதி இரண்டு தடவை ஹோர்ன் அடிக்கப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். வெயில் சாய்ந்து மண்மூட்டைகளின் நிழல் எங்கள் துண்டுகளை மூடும்வரை நாங்கள் அப்படியே இருந்தோம்.

மாமா வந்தபோது சட்டைப் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. ஒரு காது சிவந்து வீங்கியிருந்தது. குனிந்து துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டார்.

பஸ் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் மனிதர்களுக்கு மூச்சு வந்தது. பிறகு எல்லோரும் சேர்ந்து பேசினார்கள்.

"துண்டெண்டு சொன்னாளாம் புள்ள!"

"இனிமேலாவது சீலயெண்டு சொல்லப் பழக்கு கா," என்று முன் இருக்கைப் பெண் சின்னம்மாவுக்குச் சொன்னாள். சின்னம்மா சிரித்தார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

நான் மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். வலதுபக்கம் வாவி எங்களோடு கூடவே வந்தது. அவர் அதைப் பார்த்தபடியே எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"புள்ள, வீட்ட அம்மா கேட்டா, துண்டெண்ட சொல்லாலதான் பிரச்சின வந்ததெண்டு மட்டும் சொல்லு. நானும் அப்பிடித்தான் சொல்லுவன்."

"அதாலதானே மாமா வந்த?"

"ஓம். அதாலதான்."

"மறுகா என்னத்துக்கு அத மட்டும் சொல்லச் சொல்றீங்க?"

மாமா என் மடியில் கிடந்த வலது கையை எடுத்து, சுட்டுவிரலில் தொடங்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டார். அவருடைய கைகள் நடுங்கின. அந்த நடுக்கத்தை மறைக்கத்தான் என் கையைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்து, பாவம் மாமா பயந்துவிட்டார், என்னால் ஆன உதவியாக இருக்கட்டுமென்று, ஊர் வரும்வரை கையை இழுக்காமல் இருந்தேன்.