புரோக்கரிடம் சொல்லக் கூடாதது

தொண்ணூறுகளின் கடைசியில், விவேக் நகரில் வாடகைக்கு விட்டிருந்த எங்கள் வீட்டை விற்கக் கிளம்பினேன். நமக்காகப் பேசுகிறவர்தானே என்று நம்பி, "மாசக் கடைசில எங்க வூட்டுக்காரருக்கு ஆபரேஷன்ணா" என்று புரோக்கரிடம் மட்டும் சொன்னேன். வாங்க வந்தவர் விலைக்கு ஒத்துக்கொண்டு, கடைசி வாரம் வரை இழுத்தடித்துவிட்டுக் கால்வாசியைக் குறைத்தார். "இதை விட்டா ஆள் கெடைக்காதும்மா" என்றார் புரோக்கர்.

கையெழுத்துப் போட்டதும் வாங்கியவர், "ஆபரேஷன் நல்லபடியா ஆகட்டும்மா" என்று வாழ்த்தினார். புரோக்கர் இருவரிடமும் கமிஷன் வாங்கிக்கொண்டார். கணவர் பிழைக்கவில்லை.

இப்போது ஜீவனஹள்ளியில் குடியிருக்கும் வீட்டையும் விற்கிறேன். புரோக்கர் வருமுன், மாலை போட்ட கணவர் படத்தைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறேன். "சார் இல்லையா?" என்றால், "வெளில போயிருக்காரு, அவரைக் கேட்டுத்தான் வெலை சொல்லணும்" என்கிறேன்.