மூலையில் பீடம் இருந்த கோவில்

எங்கள் பழைய மாதா கோவில் ட எழுத்து மாதிரி இருந்தது. வடக்கே ஒரு கூடம், கிழக்கே ஒரு கூடம். இரண்டும் சேர்கிற மூலையில் பீடம். பூசை வைக்கிற சாமியாருக்கு இரண்டு கூடமும் தெரியும். ஒரு கூடத்தில் இருப்பவருக்கு அடுத்த கூடம் தெரியாது. நடுவில் சுவர் மடங்கி நிற்கும்.

சுவர் கருங்கல். பக்கத்துக் கரட்டுப் பாறையில் உடைத்து மாட்டுவண்டியில் கொண்டுவந்த கல். ஜன்னல் திட்டில் கைக்குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டுப் பெண்கள் பூசை பார்ப்பார்கள். அவ்வளவு அகலம். மேலே ஓடு. வாசலுக்கு மேல் கட்டின வருஷத்தைச் செதுக்கியிருந்தார்கள். திருவிழாவுக்குத் திருவிழா சுண்ணாம்பு அடித்து அடித்து அது மூடிப்போயிற்று.

ஏன் இப்படிக் கட்டினார்கள் என்று கேட்டால், தெலுங்கு பேசுகிறவர்களுக்கு ஒரு கூடம், தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு கூடம் என்பார்கள். வெள்ளைக்காரச் சாமியார் செய்த ஏற்பாடாம். பாஷை மட்டும் காரணம் இல்லை. அது ஊருக்கே தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். என் காலத்தில் அந்தக் கணக்கு மாறி, மேட்டுக்கொட்டாய்க்காரர்கள் வடக்குக் கூடம், ஏரிக்கொட்டாய்க்காரர்கள் கிழக்குக் கூடம் என்று ஆகியிருந்தது. அவரவர் வாசல் அவரவர் ஊர்ப் பாதையைப் பார்த்து இருந்தது.

நான் மேட்டுக்கொட்டாய். என் அக்காவை ஏரிக்கொட்டாயில் கொடுத்திருந்தோம்.

அக்கா தன் மகனுக்கு என் மகளைக் கேட்டாள். முறைதான். மேலே ஆயருக்கு எழுதி அனுமதி வாங்கினால் கோவிலில் நடக்கும். மகள் மாட்டேன் என்றாள்.

"ஒண்ணா வெளையாடி வளந்தோம்பா. எனக்கு அப்பிடித் தோணல."

நான் வற்புறுத்தவில்லை. ஓசூரில் கம்பெனியில் பர்மனென்ட் வேலையில் இருந்த பையனுக்குக் கொடுத்தேன். மகள் சொன்னதை அக்காவிடம் சொல்லவில்லை. பெண் மேல் பேச்சு வரும் என்று இருந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஏன்டா, தக்காளித் தோட்டத்துல நிக்கறவன் உன் கண்ணுக்கு மனுசனாத் தெரியலையா? கழுத்துல பேட்ஜ் தொங்கினாத்தான் மாப்பிள்ளையா?"

நான் பரிமாறுகிறவரைப் பார்த்து, "அக்காவுக்கு இல போடுங்க," என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

கோவில் அதற்குத் தோதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே பூசையில் இருப்போம். முகம் பார்க்க வேண்டியதில்லை. பூசையில் ஓர் இடத்தில் சாமியார், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்பார். எல்லோரும் திரும்பி, பக்கத்தில் இருப்பவரைக் கும்பிடுவோம். வடக்குக் கூடத்தார் வடக்குக் கூடத்தாரைக் கும்பிடுவார்கள். கிழக்குக் கூடத்தார் தங்களுக்குள் கும்பிட்டுக்கொள்வார்கள். அந்த நேரத்தில் என் கண் சுவருக்குப் போகும். அக்கா பாட்டில் எப்போதும் பின்தங்குகிறவள். எல்லோரும் நிறுத்தின பிறகு அவள் குரல் மட்டும் ஒரு சொல் கூடுதலாக வரும். அது கேட்டால் வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

கம்பெனிகள் பெருகினபிறகு தெற்கிலிருந்து நிறையப் பேர் குடிவந்தார்கள். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். யாருக்கு எந்தக் கூடம் என்பது அவர்களுக்குத் தெரியாது. இடம் கிடைத்த பக்கம் உட்கார்ந்தார்கள். ஒருவர் என்னிடம் கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, பீடத்த மூலையில கொண்டு வச்சிருக்கிய? அந்தப் பக்கம் இருக்கவங்களுக்கு ஏதும் ஒட்டுவாரொட்டி நோயா?"

சிரித்து வைத்தேன்.

இடம் போதவில்லை. பாதிப் பேர் வெளியே தார்ப்பாய்க்குக் கீழே நின்றார்கள். ஓடும் ஒழுகியது. பழையதை இடித்துப் பெரிதாகக் கட்டலாமா என்று கேட்கச் சாமியார் கூட்டம் போட்டார். கோவிலுக்கு வெளியே புளியமரத்தடியில். அங்கே சுவர் இல்லை. அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அவள்தான் முதலில் எழுந்தாள்.

"இதுல என்ன கொறச்சல்? ஒழுகினா ஓட்ட மாத்துங்க. வெளிய நிக்கறவங்களுக்கு ஒரு ஷெட்டு போடுங்க. கோவில் மேல கை வெக்காதீங்க."

"சாலு, சாலு, கூர்ச்சோம்மா," என்று தெலுங்கில் உட்காரச் சொன்னார் ஒரு பெரியவர். "உன் ஓட்டு வூட்ட இடிச்சு மாடி கட்டினியே, அப்ப யாராச்சும் கேட்டமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அது என் வூடு. இடிப்பேன், கட்டுவேன். இது உன் வூடா?" என்றாள் அக்கா.

சாமியார், புதுக் கோவில் வேண்டும் என்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார். நான் தூக்கினேன். இடம் போதாததால் இல்லை. புதுக் கோவில் ஒரே கூடம் என்று படத்தில் காட்டியிருந்தார்கள். மடங்கி நிற்கிற சுவர் கிடையாது. சமாதானம் சொல்லும்போது திரும்பினால் அக்கா தெரிவாள். நான் கும்பிடுவேன். கோவிலுக்குள் கும்பிட்டவனை அவள் திருப்பிக் கும்பிடாமல் இருக்கமாட்டாள். பேச வராதவனுக்கு அது போதும் என்று நினைத்தேன்.

அக்கா என் கையைப் பார்த்தாள்.

"தூக்குவான், தூக்குவான். அவனுக்குப் பழசு எதுவும் ஆவாது," என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

கோவிலை இடிக்கும்போது நான் போய் நின்றேன். ஓடும் உத்திரமும் சீக்கிரம் இறங்கிவிட்டன. சுவர் லேசில் இறங்கவில்லை. பொக்லைன் ஓட்டுகிறவன் திட்டிக்கொண்டே இடித்தான். மூலையைக் கடைசியில் உடைத்தான். கல்லுக்கு நடுவில் சுண்ணாம்பு அன்றைக்குப் பூசினதுபோல வெள்ளையாக இருந்தது. அது விழுந்தபிறகு நின்ற இடத்திலிருந்தே ஏரிக்கொட்டாய்ப் பாதை தெரிந்தது.

புதுக் கோவில் நன்றாக இருக்கிறது. நடுவில் தூண் கிடையாது. வழுவழுவென்று டைல்ஸ். ஆயர் வந்து மந்திரித்துத் திறந்துவைத்தார். அன்றைக்கு அண்ணாச்சிகள், மேட்டுக்கொட்டாய், ஏரிக்கொட்டாய் எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். சமாதானம் சொல்லும்போது திரும்பினேன். முன்வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை பார்த்தேன். அக்கா இல்லை.

ஏரிக்கொட்டாய்ப் பெண்ணிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியாதா? மகன் ஜவளகிரி பக்கம் நெலம் குத்தகைக்குப் புடிச்சிருக்குது. இவங்க மொதல்ல போவ மாட்டேன்னுதான் இருந்தாங்க. கோவில இடிச்சதும் மூட்டையக் கட்டிட்டாங்க."

சில மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு தளி வழியாகப் பஸ் ஏறி ஜவளகிரிக்குப் போனேன். காட்டை ஒட்டின வீடு. அக்கா மகன் வாசலில் நின்றான். "வாங்க மாமா," என்றான். முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தை இருந்தது.

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "யார்ரா?"

"மாமாம்மா."

"எந்த மாமா?"

"எனக்கு எத்தன மாமா இருக்காங்க?"

அக்கா முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். பீன்ஸை நார் உரித்தாள். மகன் தோட்டத்துக்குப் போனபிறகு நான் சொன்னேன்.

"அன்னிக்குப் பொண்ணுதான் வேணாம்னுச்சுக்கா. நான் பையனக் கொறச்சு நெனைக்கல."

"தெரியும்," என்றாள். "கல்யாணம் முடிஞ்ச கையோட அவளே வந்து சொல்லிட்டா. அழுதா. நாந்தான் சோறு போட்டு அனுப்பினேன்."

மகள் என்னிடம் இதைச் சொன்னதில்லை.

"அப்புறம் ஏன்க்கா?"

"நீ வந்து சொல்லுவேன்னு பாத்தேன். வரல. சரி, மூஞ்சியப் பாக்காட்டியும் ஒரு கூரைக்குக் கீழ ஒக்காந்திருக்கோமே, கல்லறைக்குப் போறமுட்டும் இப்பிடியே போவட்டும்னு இருந்தேன். அதையும் இடிக்கக் கை தூக்கிட்ட."

ஏன் தூக்கினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவளுக்கு இன்னும் வலிக்கும் என்று நிறுத்திக்கொண்டேன். இல்லை, அது சாக்கு. எனக்கு வார்த்தை வரவில்லை.

காபி கொடுத்தாள். குடித்தேன்.

"கெளம்பு. பஸ்ஸ விட்டா அப்புறம் யானை எறங்கற நேரம்," என்றாள்.

அதற்குப் பிறகும் போகிறேன். உட்காரச் சொல்கிறாள். மழை, பீன்ஸ் விலை, யானை மிதித்த தோட்டம் இவற்றைப் பேசுகிறோம். போன முறை, கிறிஸ்துமஸுக்கு நம் கோவிலுக்கு வா என்று கூப்பிட்டேன்.

"அது உன் கோவில்," என்றாள்.

மறுபடி கூப்பிடவில்லை.